தகரக் கொட்டிலில் கிடந்த வைன்

பதினான்கு வருடம் வைன் ஊற்றினேன். ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. ஊற்றுவதும் பாவம்தான் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். தெரியும். அது எனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலுள்ள கதை. நடுவில் நீங்கள் தட்டேந்திக்கொண்டு வர வேண்டாம்.

ஹோட்டல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். கரண்டி எந்தப் பக்கம், முள்ளுக்கரண்டி எந்தப் பக்கம் என்பதையெல்லாம் வேறு யாராவது சொல்லித் தருவார்கள். இரண்டு நாளில் பழகிவிடும். நான் எழுதுவது நான் விட்ட பிழையை.

நான் மன்னார்க்காரன். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது வந்தவன். அன்றிலிருந்து பாலாவிப் பக்கம். இருபது வருடம் உப்பளத்தில் நின்றேன். பிறகு கற்பிட்டிக்கு வெள்ளைக்காரர் வரத் தொடங்கினார்கள். காலில் பலகையைக் கட்டிக்கொண்டு, பெரிய பட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, கடலில் இழுபட்டுப் போவார்கள். அந்தக் காற்று எழும்பினால் நம் ஆட்கள் தோணியைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அவர்கள் அந்தக் காற்றைத் தேடியே விமானம் ஏறி வருகிறார்கள். வந்தவர்களுக்குச் சாப்பாடு வைக்க ஆள் தேவைப்பட்டது. போனேன். நாற்பது வயதில் கறுப்புக் காற்சட்டை, வெள்ளைச் சேட். என் மனைவி பார்த்துவிட்டு, "மையத்தடக்கப் போற ஆள் மாதிரியும் இரிக்கு, மாப்பிள்ள மாதிரியும் இரிக்கு" என்றாள்.

முதல் கிழமையே ஒருவர் கேட்டார், இந்த வைன் எப்படி இருக்கும் என்று. "தெரியாது சேர், நான் குடிக்கிறதில்லை" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தேநீர் கொண்டுவரச் சொன்னார். மெனேஜர் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். அவர் சிலாபத்துப் பக்கத்துச் சிங்களவர். நம்மைவிட நன்றாகத் தமிழில் ஏசுவார். என்னை 'நானா', அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, உண்மை பேசுறது நல்லம்தான். ஆனா மேசையில வச்சுப் பேசாதீங்க."

அதன் பிறகுதான் கொழும்பிலிருந்து ஒருவரை வரவழைத்து எங்களுக்கு வைன் வகுப்பு வைத்தார்கள். அவர் கிளாஸைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். நல்ல வைன் தான் வளர்ந்த இடத்தைச் சொல்லும் என்றார். கண்ணை மூடி மணந்தால் அந்த மண் தெரியும், கல் தெரியும், மலையின் எந்தப் பக்கம் வெயில் விழுகிறது என்பதுகூடத் தெரியும் என்றார்.

என் பக்கத்தில் பாரில் வேலை செய்யும் தம்பி நின்றான். மாம்புரியைச் சேர்ந்த வேதக்காரப் பெடியன். எல்லோரும் அவனை மாம்புரியான் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிடப் பத்து வயது குறைவு. என் காதுக்குள் சொன்னான்:

"நானா, இவன் வைன் விக்கிறானா, காணி விக்கிறானா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொழும்புக்காரர் முறைத்தார்.

ஆனால் எனக்கு வைனைக் காட்டித் தந்தது மாம்புரியான்தான். போத்தல் திறக்கும்போதெல்லாம் கூப்பிடுவான்.

"குடிக்க வேணாம். மூக்க மட்டும் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறன்."

நான் மணப்பேன். அவன் குடிப்பான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள். இருபது வருடம் உப்பளத்தில் நின்ற மூக்கு. மழை வரப்போகிறதா, தண்ணீர் உப்பாக முறுகுகிறதா என்று மணத்திலேயே சொல்லும். அந்த மூக்கு வைனிலும் வேலை செய்தது. கொழும்புக்காரர் சொன்ன பெயர்கள் ஒன்றும் எங்கள் வாயில் நிற்கவில்லை. நாங்களே பெயர் வைத்தோம். ஒரு சிவப்பு வைனில் டயரும் தூசியும் எண்ணெயும் மணக்கும். அதற்குப் பெயர் பாலாவிச் சந்தி. தண்ணீர் கட்டிய வெங்காயப் பாத்தி போல ஒன்று மணக்கும். அது தோட்டம். "மூணாம் மேசைக்கு ஒரு பாலாவி" என்று நான் சொன்னால் அவனுக்கு விளங்கும்.

வெள்ளை வைன் ஒன்று இருந்தது. அதற்கு முதல் மழை என்று பெயர் வைத்தோம். காய்ந்து வெடித்துக் கிடக்கும் உப்பளத்து வரம்பில் முதல் துளி விழும்போது ஒரு மணம் வரும். ஐந்து நிமிடம்தான் நிற்கும். அந்த மணம் இந்தப் போத்தலுக்குள் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். எனக்குப் பிடித்த வைன் அது. குடிக்காதவனுக்கும் பிடித்த வைன் என்று ஒன்று இருக்கலாம்.

இனிப் பிழைக்கு வருகிறேன்.

ஓகஸ்ட் மாதம். தலவிலத் தேவாலயத் திருவிழாக் காலம். ஹோட்டலில் அறை இல்லை. முதலாளியின் ஆட்கள் ஒரே நாளில் இரண்டு மடங்கு மீனும் றாலும் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். குளிர் அறையில் இடம் இல்லை. அங்கேதான் முதல் மழை மூன்று பெட்டி இருந்தது. இடம் பண்ணச் சொல்லி எனக்குச் சொன்னார்கள்.

கற்பிட்டிக் கரையில் நமக்கெல்லாம் ஒரே சட்டம். நாறக்கூடியதைக் குளிரில் வை. நாறாததை வெளியே வை. மீன் நாறும். றால் அதைவிடக் கெதியாய் நாறும். வைன் மூடிய போத்தலில் கிடக்கிறது. அது எங்கே நாறப் போகிறது? மூன்று பெட்டியையும் தூக்கிக்கொண்டுபோய், கருவாடும் வெங்காயமும் பட்டக் கயிறும் போட்டு வைக்கும் தகரக் கொட்டிலில் அடுக்கினேன். ஒரு பெட்டியின் அடி ஈரத்தில் ஊறிப் பிய்ந்து, இரண்டு போத்தல் வெளியே விழப் பார்த்தது. அந்த இரண்டையும் குளிர் அறையிலேயே மீன் ஐஸுக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

இரண்டு நாளில் திரும்ப எடுத்து வைக்கலாம் என்று நினைத்தேன். திருவிழா. மறந்துபோனேன். ஒன்பதாம் நாள்தான் ஞாபகம் வந்தது. தூசியைத் துடைத்துப் பாருக்குக் கொடுத்தேன். யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அதற்கு அடுத்த கிழமை ஒரு அம்மா வந்தார். எழுபது வயது இருக்கும். மகன் பட்டம் விட வந்தவன். மூக்கெல்லாம் வெயிலில் தோலுரிந்திருந்தது. பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து வைன் பட்டியலைப் பார்த்தவர் ஒரு இடத்தில் விரலை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. முதல் மழை. அது அவருடைய ஊர் வைன். அது விளையும் மலையின் அடுத்த பக்கத்தில் அவருடைய தகப்பனுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்ததாம். விற்றுவிட்டார்களாம். முப்பது வருடமாக அந்தப் பக்கம் போகவில்லையாம். இதையெல்லாம் என்னிடம்தான் சொன்னார். ஊரை விட்டு வந்த ஆளை, ஊரை விட்டு வந்த ஆள் எப்படியோ கண்டுபிடித்துவிடும்.

மாம்புரியான் போத்தலைக் கொண்டுவந்தான். தக்கையை எடுத்தான். ஊற்றினான். அம்மா மணந்தார். குடிக்கவில்லை. இன்னொரு தரம் மணந்தார். கிளாஸைக் கீழே வைத்தார்.

"இது அந்த இடம் இல்லை" என்றார்.

கோபம் இல்லை. பிழையான வீட்டுக் கதவைத் தட்டிவிட்ட ஆள் போல முகம் இருந்தது. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மெனேஜர் ஓடி வந்தார். மன்னிப்புக் கேட்டார். போத்தலையும் மாம்புரியானையும் குசினிக்குப் பின்னால் கொண்டுபோனார். அம்மா குடிக்காமல் வைத்த கிளாஸை எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

"என்னத்த ஊத்தி வச்ச இதுக்குள்ள?"

"சேர், இப்பத்தானே தக்கைய எடுத்தன். அந்த அம்மாக்கு முன்னாலதானே எடுத்தன்."

"எடுக்கத் தெரிஞ்ச உனக்குத் திருப்பிப் போடவா தெரியாது? நல்லதக் குடிச்சிட்டு மட்டமானத ஊத்தி வச்சிருக்கிற."

"மாதா மேல சத்தியமா இல்ல சேர்."

"மாதாவ விடு. போன வருசம் என்ன நடந்தது?"

போன வருடம் ஒரு கலியாணத்தில் மிஞ்சிய போத்தல்களை மாம்புரியான் தனியாக முடித்துவிட்டு, தென்னை மரத்தை முதலாளி என்று நினைத்து அதனிடம் சம்பள உயர்வு கேட்டான். எல்லோரும் பார்த்தார்கள். இன்னொரு தரம் என்றால் வீடு என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். இப்போது அவனுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்து ஒரு மாதம்.

"உடுப்ப மாத்து. இண்டைக்கே போ" என்றார் மெனேஜர்.

நான் கையில் இருந்த கிளாஸை மணந்தேன்.

முதல் மழை இல்லை. வெயிலில் வைத்து மறந்துபோன அப்பிள் மணந்தது. காய்ச்சிய கருப்பட்டி மணந்தது. நிறமும் கொஞ்சம் தேநீர்ப் பக்கம் போயிருந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பகல் ஒரு மணிக்கு அந்தத் தகரக் கொட்டிலுக்குள் போனால் தலை எப்படிக் கொதிக்கும் என்று எனக்குத் தெரியும். ஒன்பது நாள் இந்தப் போத்தல் உள்ளே கிடந்து கொதித்திருக்கிறது. வெந்துபோயிருக்கிறது. வைன் வளர்ந்த இடத்தைச் சொல்லும் என்று கொழும்புக்காரர் சொன்னாரே, கிடந்த இடத்தையும் சொல்லும் என்று அவர் சொல்லவில்லை.

தெரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

இதை எழுதத்தான் மற்றதெல்லாம் எழுதினேன். நான் வாயைத் திறக்கவில்லை. குசினியில் மணியடித்தார்கள். அந்த அம்மாவின் மீன் தயார். மீன் ஆறிவிடும், வைத்துவிட்டு வந்து சொல்லலாம் என்று நினைத்தேன். கொண்டுபோய் வைத்தேன். பக்கத்து மேசைக்குப் பாண் முடிந்திருந்தது. கொண்டுவந்து வைத்தேன். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். ஒருத்தி உயர்தரம் படிக்கிறாள். நான் சொன்னால் என் வேலையும் போகும். இதை நினைத்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினேன். ஒருநாளும் குடிக்காதவன் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள் என்றும் நினைத்தேன். அது நல்ல சாட்டாக இருந்தது. அதையும் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டேன். மீன் தட்டை எடுத்தேன். பழம் வைத்தேன்.

பழத் தட்டை வைத்துவிட்டுத் திரும்பும்போது மாம்புரியான் பின்பக்கத்து வாசலால் போனான். வேலைச் சேட்டை மடித்து ஷொப்பிங் பையில் போட்டிருந்தான். எப்போதும் சுருட்டி எறிகிற ஆள். இன்றைக்கு மடித்திருந்தான்.

மெனேஜரிடம் போனேன்.

"சேர், வைனக் கெடுத்தது நான்."

கொட்டில் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நானா, நீங்க நல்ல மனுசன். கூட்டாளியக் காப்பாத்தப் பாக்குறீங்க. வாழ்க்கையில ஒரு சொட்டுக் குடிக்காத ஆள், வைன் வெந்ததா வேகலையா எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"மணத்துல தெரியும் சேர்."

"ஐயோ நானா."

அப்போதுதான் மீன் ஐஸுக்குப் பின்னால் செருகிய இரண்டு போத்தலும் ஞாபகத்துக்கு வந்தன. குளிர் அறைக்குள் ஓடினேன். இருந்தன. லேபல் ஊறிக் கழன்றுபோயிருந்தது. மேலெல்லாம் மீன் செதில். ஒன்றைக் கொண்டுவந்து வைத்தேன். பாரிலிருந்து, கொட்டிலில் கிடந்ததில் திறக்காத ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் மெனேஜரையே திறக்கச் சொன்னேன். கொட்டில் போத்தலின் மேல் உறையைக் கிழித்தார். தக்கை ஒரு நெல்லளவு மேலே தள்ளியிருந்தது. சுற்றிப் பிசுபிசு என்று ஒட்டியது. மற்றதில் தக்கை அசையாமல் இருந்தது. இரண்டு தக்கையிலும் ஒரே தோட்டத்துப் பெயர்.

மெனேஜர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு கிளாஸில் ஊற்றினார். "இப்ப சொல்லுங்க" என்றார்.

சத்தம் கேட்டுக் குசினியில் இருந்த எல்லோரும் வந்துவிட்டார்கள். ஹோட்டல் வான் ஓட்டுகிற நானாவும் வாசலில் நின்றார். எங்கள் ஊர்தான். எங்கள் பள்ளிவாசல்தான். இவர் வாயில் ஒன்று விழுந்தால் அஸர் தொழுகைக்கு முன் பாலாவிக்குப் போய்ச் சேரும். வைன் கிளாஸுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நிற்கிறேன். அவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பார்க்கட்டும் என்று மணந்தேன்.

"வலது கைப் பக்கம் இருக்கிறது நல்லம். மற்றது கொட்டில்."

மெனேஜர் இரண்டு கிளாஸையும் தட்டில் வைத்து அந்த அம்மாவிடம் கொண்டுபோனார். நானும் பின்னால் போனேன். அவரிடமும் எது எதுவென்று சொல்லவில்லை.

அம்மா கொட்டிலை மணந்தார். தள்ளி வைத்தார். மற்றதை எடுத்தார். எடுத்தவர் மூக்கிலிருந்து கிளாஸை இறக்கவில்லை. மகன் ஏதோ கேட்டான். கையைக் காட்டி அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னார். பிறகுதான் குடித்தார்.

"எங்கள் வீட்டுக்குப் பின்னால் கல்லால் கட்டிய தண்ணீர்த் தொட்டி ஒன்று" என்றார். "கோடையில் காய்ந்து கிடக்கும். முதல் மழை விழுந்தால் அதிலிருந்து இப்படித்தான் வரும்."

என்னைப் பார்த்து, உனக்கு என்ன தெரிகிறது என்று கேட்டார். உப்பளத்து வரம்பு என்றேன். கடலுக்குப் பக்கமா என்று கேட்டார். ஓம் என்றேன். எங்கள் ஊரிலிருந்து கடலுக்கு ஒரு முழுப் பகல் போக வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார். கொழும்புக்காரர் அங்கே நின்றிருந்தால் இரண்டு பேருக்கும் பெயில் போட்டிருப்பார்.

மகன் போத்தலைத் தூக்கி மணந்துவிட்டு முகத்தைச் சுளித்தான். மீன் மணக்கிறது என்றான்.

"உள்ளே இருப்பது உங்கள் அம்மாவின் ஊர் சேர். வெளியே மணப்பது எங்கள் ஊர்" என்றேன்.

மெனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. அந்தப் பருவம் முடியும்வரை சாப்பாட்டு மண்டபத்துக்குள் காலை வைக்கக்கூடாது, தகரக் கொட்டிலைப் பொறுப்பெடு என்றார். "நீங்களும் உள்ள நிண்டு பாருங்க நானா, வைனுக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு விளங்கும்." விளங்கியது. பிறகு ஆளனுப்பி பஸ் தரிப்பிடத்தில் நின்ற மாம்புரியானைக் கூட்டிவந்தார்.

ஊர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். வான்காரர் ஏமாற்றவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடும்போது, பள்ளி நிருவாகத்து ஹாஜியார் என் தோளைத் தொட்டார்.

"குடிச்சியாமே?"

"இல்ல ஹாஜியார். மணந்தன்."

"மணக்கிறதுக்கும் குடிக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்?"

"நீங்க நோன்பு நேரத்துல பிரியாணிக் கடைக்கு முன்னால போறதில்லையா ஹாஜியார்?"

அவர் தன் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

மாம்புரியான் எனக்கு நன்றி சொல்லவில்லை. வந்தான். பையிலிருந்து சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான். தெறியைப் பூட்டிக்கொண்டே கேட்டான்:

"எப்ப தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். சற்று முன்னர்தான் விளங்கியது என்று சொல்லியிருந்தால் என்னைக் கட்டிப் பிடித்திருப்பான்.

"கிளாஸ எடுத்தவுடனே தெரியும்" என்றேன்.

"எனக்கு ஏசேக்குள்ளேயே?"

"ஓம்."

"மீன் கொண்டு போகேக்குள்ளயும் தெரியும்?"

"ஓம்."

"பழம் வைக்கேக்குள்ளயும்?"

"ஓம்."

மேல் தெறியையும் பூட்டினான். போத்தல் திறப்பானை எடுத்துக்கொண்டு பாருக்குப் போனான். அன்றிலிருந்து என்னை 'சேர்' என்று கூப்பிட்டான். "வெங்காயம் ரெண்டு கிலோ வேணும், சேர்." "கொட்டில் திறப்பத் தாங்க, சேர்." ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நாலு மாதம் அந்தக் கொட்டில் வெக்கையைவிட அந்த 'சேர்'தான் சுட்டது. நத்தார்ப் பண்டிகைக்கு நாலு நாள் முன்னால் ஒரு போத்தலைத் தூக்கிக்கொண்டு கொட்டில் வாசலில் வந்து நின்றான். என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினான். "இதக் கொஞ்சம் மணந்து பாருங்க நானா" என்றான்.

உங்களுக்கும் ஒரு நாள் வரும். போத்தலாக இருக்காது, வேறு ஏதாவதாக இருக்கும். பிழை உங்களுடையது என்று உங்களுக்கு மட்டும் தெரியும், ஏச்சு வேறொருவனுக்கு விழும். குசினியில் மணியடிக்கும். கையில் தட்டு இருக்கும். தட்டைக் கீழே வையுங்கள். போய்ச் சொல்லுங்கள்.

மீன் ஆறினால் ஆறட்டும்.